இரண்டு சபைகளும் 980 கிராம் குழந்தையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். டாக்டர் சொன்னதைப் பெற்றோருக்குப் புரியும்படி மறுபடி சொல்வதும், பெற்றோர் சொல்லத் தயங்குவதை டாக்டரிடம் கொண்டுபோவதும் என் வேலை. இங்கே எழுதுவது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைப் பற்றி. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

எங்கள் பிரிவில் விசுவாசம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே கேள்விக்குத்தான் போவார்கள். மருந்து வேண்டாம், ஜெபமே போதும் என்று சொல்லிவிடுவார்களோ? அப்படிப் போதிக்கும் சபைகள் இந்த ஊரில் சில உண்டு. இவர்கள் அந்த ரகம் இல்லை. ஒரு ஊசியைக்கூட மறுக்கவில்லை. ஆனாலும் அவர்களைத் தாங்கி நின்ற அதே விசுவாசம் சில நாட்களில் அவர்கள் கழுத்தை நெருக்கியது. பயத்தை வாய்விட்டுச் சொல்ல இடம் இல்லாமல் போனபோதெல்லாம் அது நடந்தது என்பது என் கணிப்பு. அந்த நாட்களைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

குடும்பம்

அப்பாவுக்கு 33 வயது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தலைமுறைகளாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அம்மாவுக்கு 29, பள்ளி ஆசிரியை, வியாசர்பாடியில் வளர்ந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது வீடு முழுக்க பெந்தெகொஸ்தே சபைக்கு வந்துவிட்டது. கல்யாணம் சி.எஸ்.ஐ. ஆலயத்தில். பெண்ணுக்கு நகை போடுவதா வேண்டாமா என்று அப்போதே ஒரு மனஸ்தாபம். அதன்பின் ஒரு ஞாயிறு அங்கே, ஒரு ஞாயிறு இங்கே என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு முன் ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது.

சேர்க்கைப் படிவத்தில் இவர்கள் 'கிறிஸ்டியன்', அவ்வளவுதான். உள்ளே போனால் இரண்டு வீடும் இரண்டு உலகம். சி.எஸ்.ஐ.யில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தையைக் கர்த்தருக்குப் பிரதிஷ்டை செய்வதோடு சரி, ஞானஸ்நானம் விவரம் தெரிந்த பிறகு, தண்ணீரில் மூழ்கி எடுப்பது. அங்கே 'ஐயர்' என்று கூப்பிடப்படும் போதகர் அச்சிட்ட ஜெப ஒழுங்கைப் பார்த்து நிதானமாக வாசிப்பார். இங்கே 'பாஸ்டர்' கண்ணீரோடு சத்தம் போட்டு மன்றாடுவார். இந்த வித்தியாசம் தெரியாமல் இந்த வீட்டோடு பேச உட்கார்ந்தால் பாதிப் பேச்சு புரியாது.

முதல் வாரம்

28-ஆம் வாரத்தில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் எகிறியது. தலைவலி, கண் மங்கல். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி தொடங்கினார்கள். தாய்க்கு வலிப்பு வராமலிருக்கவும் குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பாகவும் மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். ஸ்டீராய்டின் எல்லா டோஸும் முடியும்வரை காத்திருக்க முடியவில்லை. சிசேரியன். பெண் குழந்தை, 980 கிராம்.

நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்கிற வழுவழுப்பான சுரப்பு. 28 வாரத்தில் அது போதுமான அளவு சுரந்திருக்காது. மூச்சுக்குழாய் வழியே மருந்தாகக் கொடுத்தார்கள். மாட்டின் அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து எடுப்பது என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். சில வீடுகளில் அதைக் கேட்டு யோசிப்பார்கள். இந்த அப்பா, "எதுவானாலும் போடுங்க சார், எல்லாம் அவர் படைச்சதுதானே" என்று கையெழுத்துப் போட்டார்.

அம்மா வீடு பெந்தெகொஸ்தே என்று கேள்விப்பட்ட பயிற்சி மருத்துவர் ஒருவர், "ரத்தம் ஏத்த ஒத்துக்குவாங்களா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ரத்தம் வேண்டாம் என்பவர்கள் யெகோவா சாட்சிகள், இவர்கள் வேறு என்று சொன்னேன். அவரைக் குறை சொல்லமாட்டேன், கேட்டாரே. கேட்காமலேயே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாம் நாள் தலை ஸ்கேனில் மூளையின் நீரறைக்குள் கொஞ்சம் ரத்தக்கசிவு தெரிந்தது, இரண்டாம் நிலை. இந்த எடையில் பிறக்கும் குழந்தைகளிடம் பார்க்கக்கூடியதுதான், பெரும்பாலும் தானாகக் கரையும், ஆனால் தொடர்ந்து கவனிக்க வேண்டும். டாக்டர் இதைச் சொல்லத் தொடங்கியதும் அப்பா கையை உயர்த்தினார்.

"நெகட்டிவா எதுவும் சொல்லாதீங்க டாக்டர். நாங்க சுகம்னு அறிக்கை பண்ணியிருக்கோம்."

அது மனைவியின் சபையில் அவர் கற்றுக்கொண்டது. நாவினால் அறிக்கையிடுவது நடக்கும், அவநம்பிக்கையான பேச்சு ஜெபத்தைத் தடுக்கும் என்ற போதனை. சி.எஸ்.ஐ.க்காரரான அவர்தான் அதை இறுகப் பிடித்துக்கொண்டார், அதிலேயே வளர்ந்த மனைவிக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. ஸ்கேன் விஷயத்தை அவர் மனைவியிடம் சொல்லவேயில்லை. டாக்டரும் 'வீட்டில் பேசிக்கொள்வார்கள்' என்று விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து நர்ஸ் ஒருவர் போகிற போக்கில் "அடுத்த தலை ஸ்கேன் திங்கட்கிழமை" என்று சொன்னபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. தையல் வலியோடு நடந்து வந்து என் மேஜை எதிரில் உட்கார்ந்தார். "அக்கா, எனக்குப் பயமா இருக்குன்னு யார்கிட்டயும் சொல்ல முடியல. சொன்னா என் வாயாலதான் பாப்பாவுக்கு ஆகிடுச்சுன்னு ஆயிடும்."

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் முடிச்சு அந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது.

எஸ்தர் உபவாசம்

ஐந்தாம் நாள் குழந்தையை வென்டிலேட்டரிலிருந்து எடுத்து சிபாப்பில் வைத்தார்கள், அதாவது தானாக மூச்சு விடும் குழந்தைக்கு மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்து உதவும் கருவி. நல்ல முன்னேற்றம். குழாய் வழியே தாய்ப்பால், ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று தொடங்கியிருந்தோம். சரியாக அந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து வரும் பால் குறைந்தது. குளிர்பெட்டியில் அவர் பெயர் போட்ட பாட்டில்கள் காலியாகவே திரும்பின.

மன அழுத்தம் என்று நினைத்தோம். விசாரித்தால் எஸ்தர் உபவாசம். எஸ்தர் ராணி யூத ஜனங்களைக் கேட்டுக்கொண்டபடி மூன்று நாள் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் இருப்பது. பெந்தெகொஸ்தே வீடுகளில் பெரிய ஆபத்து வந்தால் எடுப்பார்கள். அறுவை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ரத்த அழுத்த மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் எடுத்தாக வேண்டும். அப்படிப்பட்டவர் முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

மகப்பேறு டாக்டர் கோபப்பட்டார், நியாயம்தான். ஆனால் "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று அவர் அந்த அறையில் சொல்லியிருந்தால் அந்தப் பெண் எங்களிடம் பொய் சொல்லத் தொடங்கியிருப்பார். அவர் அனுமதியோடு அவருடைய பாஸ்டருக்கு போன் போட்டேன். அவருக்கு விஷயமே தெரியவில்லை. மாலையில் வந்தார், மாதவரம் பக்கம் ஒரு மாடி வீட்டில் சபை நடத்துகிறவர், சின்ன வயது. எசேக்கியா ராஜா கதையை எடுத்தார். ராஜா அழுது ஜெபிக்கிறான், கர்த்தர் கேட்டு ஆயுசைக் கூட்டிக் கொடுக்கிறார், ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் பற்றுப்போடச் சொல்கிறார். "ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் மருந்து போட்டாங்கம்மா. பால் குடுக்குற தாய்க்கு உபவாசம் நான் சொல்லமாட்டேன். உங்க வீட்டுக்காரர் எடுக்கட்டும், அவருக்கு ஒண்ணும் ஆகாது." அம்மா சிரித்தார். அந்தப் பிரிவில் அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அதோடு விட்டிருந்தால் அவர் கையில் செய்ய ஒன்றும் இல்லாமல் போயிருக்கும். பாஸ்டர் இன்னொரு ஏற்பாடும் செய்தார். சபையில் ஏற்கெனவே சங்கிலி ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது, மணிக்கு ஒருவர் என்று பெயர்ப்பட்டியல். அதை இவர் பால் எடுக்கும் நேரத்துக்கு மாற்றிவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு இவர் பம்ப்போடு உட்காரும்போது கொடுங்கையூரில் யாரோ ஒரு அக்கா முழங்காலில் இருப்பார். பால் கூடிக்கொண்டு வந்தது. சாப்பாடும் தண்ணீரும் உள்ளே போனால் கூடத்தான் செய்யும் என்பார் எங்கள் டாக்டர். நான் மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்ததும் எழுந்து உட்காரவைத்தது சாப்பாடு இல்லை.

எண்ணெயும் கைக்குட்டையும் போனும்

இது எல்லாக் குடும்பத்திலும் வருவதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அபிஷேக எண்ணெய் இன்குபேட்டருக்குள் போகாது, இந்த வயதுத் தோல் காகிதத்தைவிட மெல்லியது, கிருமி உள்ளே போக அதுவே வழி. பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்றோம். ஜெபித்துக் கொடுத்த கைக்குட்டையை எங்கள் பொறுப்பு நர்ஸ் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு எடுத்து, உறையோடு பெட்டிக்கு மேலே வைத்தார். போனில் ஓடிய பாட்டை நிறுத்தச் சொன்னோம். குறைமாதக் குழந்தையைச் சுற்றி 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்பது பொது விதி. வேண்டுமானால் அம்மாவே மெதுவாக முணுமுணுக்கலாம்.

போனால் வந்த பெரிய தொல்லை வேறு. அப்பா ஜெபக்குறிப்பு ஒன்று எழுதி வாட்ஸ்ஆப்பில் போட்டிருந்தார். இன்குபேட்டருக்குள் இருக்கும் குழந்தையின் படம், மருத்துவமனை பெயர், மனைவியின் எண், எல்லாம். அது ஊர் ஊராகச் சுற்றியது. முன்பின் தெரியாதவர்கள் நடுராத்திரியில் கூப்பிட்டு ஜெபித்தார்கள். அதில் ஒருவர், தானியேல் 21 நாள் காத்திருந்ததுபோல 21-ஆம் நாள் குழந்தை வீட்டுக்குப் போகும் என்று ஆவியானவர் காட்டியதாகச் சொன்னார். அப்பா அதைக் காலண்டரில் குறித்துக்கொண்டார்.

பதினோராம் நாள்

குழந்தை சோர்ந்தது, மூச்சை விட்டுவிட்டு இழுத்தது, வயிறு உப்பியது. ரத்தத்தில் கிருமி. வளர்ப்புச் சோதனையில் கிளெப்சியெல்லா. ஆண்டிபயாடிக்கை மாற்றினார்கள், பாலை நிறுத்தினார்கள், மறுபடி வென்டிலேட்டர். தட்டணுக்கள் சரிந்து ரத்தப்பொருள் ஏற்ற வேண்டியிருந்தது. இருவரையும் உட்காரவைத்து மூத்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். கடைசியில் எழுந்திருக்கும்போது, நம் டாக்டர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தையைச் சொன்னார்: "எங்களால முடிஞ்சதைப் பண்றோம். இனி கடவுள் கையில."

அறையை விட்டு வந்ததும் அப்பாவின் முகத்தில் தெளிவு. "பாருங்க, டாக்டரே ஒத்துக்கிட்டார், கர்த்தர் கையிலன்னு." அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காதில் விழுந்தது, கைவிட்டுவிட்டார்கள் என்று. ஆறுதலுக்காகச் சொன்ன ஒரு வரி, ஒருவருக்கு வாக்குத்தத்தமாகவும் இன்னொருவருக்குத் தீர்ப்பாகவும் போய்ச் சேர்ந்தது. டாக்டரிடம் சொன்னேன். அவர் பெரிய மனசோடு திரும்பப் போய், என்ன மருந்து, எத்தனை நாள் பார்ப்போம், எது நடந்தால் நல்ல அறிகுறி என்று மறுபடி சொன்னார்.

அன்றிரவு திருநெல்வேலியிலிருந்து அப்பாவின் அம்மா வந்து இறங்கினார். பேத்தியைக் கண்ணாடி வழியே பார்த்தார். மகனைக் கூப்பிட்டு, "ஐயரை வரச் சொல்லுய்யா. ஞானஸ்நானம் குடுத்திருவோம்" என்றார்.

மருமகள் முடியாது என்றார். அவர் வீட்டார் குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் இல்லை என்றார்கள். பதினைந்து நிமிடத்தில் காத்திருப்புக் கூடம் இரண்டு கட்சியாகிவிட்டது. உபதேச வித்தியாசம் என்று எழுதிவைத்துவிட்டு நானும் போயிருக்கலாம். தனித்தனியாக உட்கார்ந்து பேசியதில் வேறு தெரிந்தது. மருமகளுக்கு உபதேசம் இரண்டாம்பட்சம். "இப்ப தண்ணி தெளிச்சா, போகப்போறான்னு நாமளே கையெழுத்துப் போடுற மாதிரி அக்கா." ஆச்சிக்கோ, கல்யாணமான புதிதில் ஊரில் ஒரு பிள்ளை பிறந்து இரண்டாம் நாள் இறந்திருந்தது. பெயர் வைக்கவில்லை, ஞானஸ்நானம் இல்லை, ஆலயப் பதிவேட்டில் இல்லை. "அதுக்கு நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன் தாயி?" என்று என்னைக் கேட்டார். இத்தனை வருடத்தில் மகனுக்குக்கூட அது தெரியாது.

குழந்தையின் அட்டையில் அதுவரை அம்மாவின் பெயர்தான் இருந்தது, 'பேபி ஆஃப்' என்று. பெயர் வைப்பதில் இரண்டு வீட்டுக்கும் ஆட்சேபணை இல்லை. மறுநாள் பார்வை நேரத்தில் ஐயர் கை கழுவி, கவுன் போட்டு உள்ளே போய், பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு வந்தார். தண்ணீர் இல்லை. பாஸ்டர் வெளியே அம்மாவோடு நின்றார். அட்டையை மாற்றினோம். ஆச்சிக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. "பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அந்த வாரமே பக்கத்து இன்குபேட்டரில் இருந்த குழந்தை இறந்தது. கத்தோலிக்கக் குடும்பம், காசிமேடு. ஆகஸ்ட் கடைசி, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய நேரம். பாட்டி அங்கே நடந்து போயிருந்தார். குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கியபோது சாமியாருக்காகக் காத்திருக்க நேரமில்லை. எங்கள் மலையாளி நர்ஸ் சொட்டுக்குழாயில் தண்ணீர் எடுத்து ஞானஸ்நானம் கொடுத்தார். சாகும் ஆபத்தில் சரியான நோக்கத்தோடு யாரும் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

21-ஆம் நாள்

குழந்தை தேறியது. 19-ஆம் நாள் மறுபடி சிபாப். எங்களுக்கு அது கொண்டாட்டம். 21-ஆம் நாள் காலையில் அப்பா புதுத் துணி, தொப்பி, போர்வையோடு வந்து நின்றார். எடை ஒரு கிலோவைக்கூடச் சரியாகத் தாண்டவில்லை. சாயங்காலம்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் இரண்டு நாள் ஆளையே காணவில்லை.

திரும்பி வந்தபோது எழும்பூர் கிர்க் ஆலயத்தில் போய் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். என் விசுவாசம் குறைவா, நான் செய்த பாவமா, யாராவது சபித்தார்களா என்று வரிசையாகக் கேட்டார். மதத்தைக் கொண்டு துன்பத்தைச் சமாளிப்பதை ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், அதில் உதவுகிற வகையும் உடைக்கிற வகையும் உண்டு என்று பிரித்துக் காட்டியவர். கடவுளோடு சேர்ந்து உழைக்கிறோம் என்று நினைப்பவர் ஒரு பக்கம், எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பவர் ஒரு பக்கம், கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டார் என்று நொறுங்குகிறவர் இன்னொரு பக்கம். இந்த அப்பா மூன்று வாரத்தில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு வந்திருந்தார். மனைவியோ உபவாச விவகாரத்துக்குப் பிறகு முதலாவதுக்குப் போய்விட்டார். ஒரே வீடு, ஒரே குழந்தை.

அவரோடு பேசியது ஐயர். தாவீது ராஜா குழந்தைக்காகத் தரையில் கிடந்து உபவாசித்ததையும், ஏழாம் நாள் குழந்தை இறந்ததும் எழுந்து குளித்துச் சாப்பிட்டதையும் சொன்னார். நான் பதறினேன், இந்த நேரத்தில் இந்தக் கதையா என்று. ஆனால் அப்பா அன்றுதான் வாய்விட்டு அழுதார். குழந்தை செத்துவிடுமோ என்று பயந்ததை முதல் தடவையாகச் சொன்னார், பக்கத்தில் மனைவி இருக்கும்போதே. 13-ஆம் சங்கீதத்தையும் ஐயர் வாசிக்கச் சொன்னார். 'எதுவரைக்கும்' என்று கர்த்தரிடமே முறையிடுகிற சங்கீதம் அது. இருவரும் ஆளுக்கொரு வசனமாக வாசித்தார்கள்.

அதற்குப் பிறகு தகவல் சொல்வது எங்களுக்குச் சுலபமாகிவிட்டது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். கண் பரிசோதனையில் விழித்திரை நோய் தெரிந்து பின்னர் லேசர் வேண்டும் என்றபோது அப்பா கையை உயர்த்தவில்லை, "இதுல என்னென்ன ஆகலாம் டாக்டர், எல்லாத்தையும் சொல்லிடுங்க" என்றார். குழந்தையை மார்பில் தோலோடு தோலாக வைத்துக்கொள்ளும் கங்காரு முறைப் பராமரிப்பிலும் அவர் பங்கு எடுத்துக்கொண்டார். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது அது. பிறந்தவுடனேயே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. அம்மா ஓய்வெடுக்கும்போது அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு மகளை மார்பில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் சாய்ந்திருப்பார். ஜெபித்தாரா, தூங்கினாரா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு

ஒன்பது வாரம் கழித்து, 1.9 கிலோவில் டிஸ்சார்ஜ். பில்லில் ஒரு பங்கை இரண்டு சபைகளும் சேர்ந்து கொடுத்தன. இதில் மட்டும் உபதேச வித்தியாசம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மனைவியின் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அப்பா சொன்னார். அம்மா மேடையேறவில்லை. காசிமேட்டு அம்மாவும் அதே ஜெபத்தைத்தானே செய்தார், நான் அங்கே நின்று என்ன சொல்லட்டும் என்று பாஸ்டரிடம் கேட்டிருக்கிறார். அவர் வற்புறுத்தவில்லை, பதிலும் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

இதற்குப் பிறகு எங்கள் சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற கட்டத்துக்குக் கீழே சில கேள்விகளைச் சேர்த்தோம். உங்களுக்காக ஜெபிக்கிறவர்களில் யாரிடம் நாங்கள் பேசலாம்? உபவாசம், நேர்ச்சை ஏதாவது எடுத்திருக்கிறீர்களா? கெட்ட செய்தி வந்தால் யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும்? மூன்றாவதை நிரப்பத்தான் பலர் தயங்குகிறார்கள். பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள், அப்போது பேச்சு தொடங்கும். 'கடவுள் கையில்' என்பதை டாக்டர்கள் இன்னும் விடவில்லை. பழக்கம். சொன்ன கையோடு அடுத்து என்ன சிகிச்சை என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழந்தைக்கு இப்போது திருத்திய வயது, அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிடும் வயது, ஒன்று. தலை ஸ்கேனில் கசிவு கரைந்துவிட்டது, கண்ணுக்குத் தொடர் பரிசோதனை நடக்கிறது, பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஞானஸ்நானமா பிரதிஷ்டையா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆச்சி ஒவ்வொரு போனிலும் கேட்கிறாராம்.